கெக் லோக் சி மலைக்குப் போகுமுன் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பினாங்கில் வீடு இருந்தால் வருடம் முழுக்க விருந்தாளிதான். கிள்ளானிலிருந்து அத்தை, கோலாலம்பூரிலிருந்து கல்லூரித் தோழிகள், பள்ளி விடுமுறை வந்தால் சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம். அதிலும் என் வீடு ஆயர் ஈத்தாமில். சன்னலைத் திறந்தால் மலைச் சரிவில் கெக் லோக் சி தெரியும். வருகிற அத்தனை பேரும் அங்கே போகத்தான் செய்கிறார்கள், போகுமுன் அதே கேள்விகளைத்தான் வாட்சப்பில் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் தட்டித் தட்டி விரல் தேய்ந்ததால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கெக் லோக் சின்னா என்ன, கோயிலா மடமா? சுற்றுலா இடம்னுதானே சொல்றாங்க?

மடம். துறவிகள் தங்கி, ஓதி, வழிபடும் சீன மகாயான பௌத்த மடாலயம். சுற்றுலாப் பயணிகள் பிறகு வந்து சேர்ந்தவர்கள். பெயருக்குப் "பேரின்ப உலகின் ஆலயம்" என்று பொருள். அமிதாப புத்தரின் சுகாவதி என்ற தூய உலகத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாம் கைலாசம், வைகுண்டம் என்று கோயிலுக்குப் பெயர் வைப்பதில்லையா, அதே மாதிரி.

ஒரே கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சரிவு முழுக்க அடுக்கடுக்காக மண்டபங்கள், முற்றங்கள், குளம், படிக்கட்டு, பகோடா என்னும் அடுக்குக் கோபுரம், அதற்கும் மேலே பெரிய வெண்கலச் சிலை. முதல் தடவை போகிறவர்கள் பாதியிலேயே "முடிஞ்சிருச்சு" என்று நினைத்துத் திரும்பிவிடுவார்கள். முடிந்திருக்காது, இன்னும் மேலே இருக்கும்.

யார் கட்டினது? ரொம்பப் பழசா?

1890களின் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்து, 1930 வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்புறமும் நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். தொடங்கியவர் பியோ லியன் என்ற துறவி. சீனாவின் ஃபூச்சௌ நகரத்தை ஒட்டிய குஷான் மலை மடத்திலிருந்து வந்தவர். முதலில் ஜார்ஜ் டவுன் பிட் ஸ்திரீட்டில் இருக்கும், குவான் யின் என்ற கருணைத் தெய்வத்தின் கோயிலில் தலைமைத் துறவியாக இருந்தார். குவீன் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு இரண்டு நிமிடம் நடந்தால் வருமே, புகை மண்டிக் கிடக்கும் அந்தச் சீனக் கோயில்தான். ஊருக்குள் இருக்கும் இரைச்சல் தியானத்துக்கு ஒத்துவராமல் மலையைத் தேடி வந்தார்.

பணம் கொடுத்தவர்களில் ஐந்து பெரிய சீன வணிகர்கள் முக்கியமானவர்கள். அவர்களில் சியோங் ஃபாட் ட்சியை உங்களுக்குத் தெரிந்திருக்கும், லீத் ஸ்திரீட்டில் நீல மாளிகை கட்டியவர். சீனாவின் குவாங்ஷு சக்கரவர்த்தி தம் பங்குக்கு ஒரு பெயர்ப்பலகையும் அரச பதிப்பாக அச்சிட்ட பௌத்த சூத்திரத் தொகுதியும் அனுப்பினார். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அதே சக்கரவர்த்திக்காகச் சீர்திருத்தம் செய்யப் போய், 1898-இல் அது கவிழ்ந்து, தலைக்கு விலை வைக்கப்பட்டு ஓடிவந்த காங் யூவெய் என்ற அறிஞர் பினாங்கில் தங்கியிருந்தார். இந்த மடத்துப் பாறையில் "தாய்நாட்டை மறவாதே" என்ற அவருடைய எழுத்து செதுக்கப்பட்டிருக்கிறது. சீன எழுத்து தெரியாவிட்டால் அது வெறும் பாறையாகத்தான் தெரியும். தெரிந்த நண்பர் யாரையாவது கூட்டிப் போனால் காட்டச் சொல்லுங்கள்.

காடி இல்லாம எப்படிப் போறது?

ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்தோ கொம்தார் பேருந்து நிலையத்திலிருந்தோ ரேப்பிட் பினாங்கு 204 பேருந்து. ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் இறங்கினால் மலையும் பகோடாவும் கண்ணுக்கு நேரே நிற்கும், யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கிராப் டாக்சி பிடித்தாலும் ஊருக்குள்ளிருந்து தூரம் அதிகமில்லை, ஆனால் சனி ஞாயிறு காலையில் சந்தை வளைவில் ஜாம் என்றால் அப்படி ஒரு ஜாம், நடந்து போகிறவர் உங்களைத் தாண்டிப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

கீழேயிருந்து ஏறும் பழைய பாதை இருபக்கமும் கடைகளுக்கு நடுவே போகும்: சட்டை, சாவிக்கொத்து, விசிறி, பொம்மை. பேரம் பேசலாம். கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதையே தேவையில்லை, மேலே வரை தார் ரோடு இருக்கிறது.

எத்தனை மணிக்குப் போகணும், எவ்வளவு நேரம் ஆகும்?

காலையில் ஒன்பது மணிக்குள் கீழே நின்றுவிடுங்கள். வெயில் ஏறுமுன் மேலே போய்விட்டு, மெதுவாக இறங்கிக்கொண்டே பார்ப்பது என் வழக்கம். மாலை ஐந்து மணிக்கு மேல் போய்ப் "பார்த்துட்டு வந்துடறோம்" என்று நிற்காதீர்கள், அடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒழுங்காகப் பார்க்க இரண்டரை மணி நேரமாவது வேண்டும். படம் எடுக்கிறவர்கள் கூட வந்தால் மூன்றரை.

மதியத்துக்கு மேல் மழை பெய்யும் மாதங்களில் குடை கண்டிப்பாக வேண்டும், கருங்கல் முற்றங்கள் நனைந்தால் நன்றாக வழுக்கும். என் தோழி ஒருத்தி புது ஹீல்ஸோடு வந்து அன்றைக்குப் பாதி மடத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டே பார்த்தாள்.

நுழைவுக் கட்டணம் உண்டா?

மடத்துக்குள் நுழையக் காசு கிடையாது. பகோடாவில் ஏறச் சின்னத் தொகை கேட்பார்கள், மேலே சிலைக்குப் போகும் சாய்வு மின்தூக்கிக்குத் தனிச் சீட்டு. இரண்டுமே ஒரு தே தாரிக் (நம்ம ஆற்றிய டீ), இரண்டு தே தாரிக் கணக்குத்தான், அவ்வப்போது மாறும். சில்லறை ரிங்கிட் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது ரிங்கிட் நோட்டை நீட்டினால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிட்டு வரலாமா, இல்ல வீட்டிலேயே விட்டுடட்டுமா?

கூட்டி வாருங்கள். கீழ்ப் பாதையில் மட்டும் ஏற்றாதீர்கள். கார் மேல் நிறுத்துமிடம் வரை போகும். அங்கிருந்து மின்தூக்கி, தண்டவாளத்தில் சாய்வாக ஏறும் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஓரிரு நிமிடத்தில் சிலை இருக்கும் மேல் தளத்தில் கொண்டுபோய் விடும். மேல் தளம் ஏறக்குறைய சமதரை, உட்கார இடம் இருக்கிறது, காற்று நன்றாக வரும். என் பெரியம்மாவுக்கு எழுபத்தாறு வயது, இரண்டு காலிலும் உறை போட்டுக்கொண்டுதான் வந்தார். சிலையடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்றார்.

பகோடாவுக்கு மட்டும் அவரை அனுப்ப வேண்டாம். உள்ளே குறுகலான படிகள், வேறு வழி இல்லை.

செருப்பைக் கழற்றணுமா? என்ன உடுத்திட்டு வரணும்?

சீனக் கோயில்களில் பொதுவாகச் செருப்போடு நடமாடலாம், நமக்குத்தான் மனசு ஒப்பாது. முற்றம், நடைபாதை, பெரும்பாலான மண்டப வாசல் எல்லாம் அப்படித்தான். ஆனால் சில மண்டபங்களில் கழற்றச் சொல்லிப் பலகை வைத்திருப்பார்கள், வாசலில் நாலு ஜோடி கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். புலாவ் திக்குஸில் பர்மா லேனில் எதிரெதிரே இருக்கும் தாய் கோயிலையும் பர்மியக் கோயிலையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அங்கே கட்டாயம் கழற்ற வேண்டும்.

உடை விஷயத்தில் நம் கோயிலுக்குப் போகும் அளவுக்கு மரியாதையாக இருந்தால் போதும்: தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். சேலையில் வருகிறவர்கள் கவனம், மண்டப வாசல்படி உயரமாக இருக்கும். அந்த வாசல்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். இதை நம் வீட்டுப் பாட்டிகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்க இந்துக்கள். அங்க போய்க் கும்பிடலாமா? தப்பில்லையா?

தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்மலை ரத ஊர்வலத்தில் தேங்காய் மலைபோல் குவித்து உடைக்கிறவர்களில் எத்தனை சீனர்கள் என்று பார்த்திருக்கிறீர்கள்தானே? அவர்கள் முருகனிடம் வருகிறார்கள், நாம் குவான் யின்னிடம் போகிறோம். பினாங்கில் இது புதிதே இல்லை, என் பாட்டி காலத்திலேயே இருந்த போக்குவரத்து.

இன்னும் பின்னால் போனால் பௌத்தம் நம் ஊர்ச் சரக்குதான். ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு பௌத்தப் பள்ளி எழுந்தது. கட்டியது ஸ்ரீவிஜயத்து அரசன். சோழச் செப்பேடு அவரைக் கடாரத்து அரசன் என்று சொல்லும். அந்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடையாக விட்டான். கடாரம் என்றால் எங்கேயோ இல்லை, பாலத்தைத் தாண்டி வடக்கே ஒரு மணி நேரம் காடி ஓட்டினால் வரும் நம்ம கெடாதான். சிவபக்தரான ராஜராஜனே பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்திருக்கிறார், நீங்கள் ஒரு ஊதுவத்தி ஏற்ற இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

சரி, எப்படிக் கும்பிடறது? அர்ச்சனை பண்ணுவாங்களா?

அர்ச்சனை, திருநீறு, தீர்த்தம் எதுவும் கிடையாது. ஐயர் வந்து பெயர் நட்சத்திரம் கேட்க மாட்டார். மூன்று ஊதுவத்தி எடுத்து ஏற்றுங்கள். தீயை வாயால் ஊதாமல் கையை வீசி அணைத்து, நெற்றி உயரத்துக்குப் பிடித்து மூன்று தடவை தலை தாழ்த்தி, சாம்பல் நிரம்பிய பெரிய உருளியில் குத்திவிட்டு வாருங்கள். கற்பூரம் கொண்டு போகாதீர்கள். பூ, பழம் கொண்டு போகலாம். தாமரை வடிவில் மெழுகுவத்தி விற்பார்கள், விரும்பினால் அதையும் ஏற்றலாம்.

கைகூப்பி நின்றுவிட்டு வந்தாலும் போதும். யாரும் கவனித்துக்கொண்டு நிற்கவில்லை.

வாசல்ல தொப்பையோட சிரிச்சிட்டு இருக்காரே, அவர்தானே புத்தர்?

இல்லை. நானும் பத்து வருடம் அப்படித்தான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருநாள் மடத்தில் தொண்டு செய்யும் ஒரு சீன அம்மா பொறுமையாகத் திருத்தினார். அவர் மைத்ரேயர், இனி வரப்போகும் புத்தர். சீனாவில் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்த, எப்போதும் சிரித்த முகமான ஒரு துறவியை மைத்ரேயரின் அவதாரம் என்று நம்பினார்கள், அந்த உருவமே அவருக்கு நிலைத்துவிட்டது. கௌதம புத்தர் ஒல்லியாக, கண்ணை மூடி, பெரிய மண்டபத்தில் அமைதியாக இருப்பார்.

இதைவிடச் சுவாரஸ்யம், சிரிக்கும் மைத்ரேயரைச் சுற்றி நிற்கும் நான்கு பெரிய காவலர்கள். திசைக்கு ஒருவர். கையில் குடை வைத்திருப்பவர் வடதிசைக் காவலர் வைசிரவணன், அதாவது நம்ம குபேரன். பாம்பு பிடித்திருப்பவர் மேற்குத் திசை விருபாட்சன், பெயரைப் பாருங்கள், சிவனுக்குச் சொல்லும் பெயர். இந்தியாவிலிருந்து நடந்து சீனா போய், சீன உடை மாட்டிக்கொண்டு, கப்பலேறி ஆயர் ஈத்தாம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சீன மடங்களில் வழக்கமாக மைத்ரேயருக்குப் பின்புறம், பெரிய மண்டபத்தைப் பார்த்தபடி, கவசம் போட்ட ஓர் இளம் சேனாபதி நிற்பார். பெயர் வெய்துவோ. ஸ்கந்தன் என்ற பெயர் சீன எழுத்தில் படியெடுக்கும்போது சிதைந்து அப்படி ஆனது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இதைச் சொன்னதும் கிள்ளான் அத்தை அவரைச் சுற்றி மூன்று முறை வந்து "முருகா" என்றார். தடுக்கவில்லை.

மேலே நிக்கிற பெரிய அம்மன் யாரு? நம்ம மாரியம்மன் மாதிரியா?

குவான் யின். உலகத்தின் ஓலத்தைக் கேட்பவர் என்று பெயருக்குப் பொருள். வேண்டுதல், பிள்ளை வரம், நோய், கடல் பயணம் எல்லாவற்றுக்கும் அவரிடம் போகிறார்கள், அந்த வகையில் மாரியம்மனோடு ஒப்பிடுவது தப்பில்லை. ஆனால் அம்மன் என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் இவர் அவலோகிதேசுவரர் என்ற ஆண் போதிசத்துவர், அதாவது புத்தராகும் பாதையில் இருப்பவர். கேட்பவருக்கு எந்த உருவம் தேவையோ அந்த உருவத்தில் வருவார் என்று சூத்திரம் சொல்லும். சீனாவில் நூற்றாண்டுகள் போகப்போகப் பெண் உருவம் நிலைத்துவிட்டது.

இவருக்குத் தமிழோடு ஒரு பழைய உறவு உண்டு. பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்ததே அவலோகிதரிடம்தான் என்கிறது. நமக்குச் சிவன் சொல்லிக் கொடுத்ததாகக் கதை, பௌத்தர்களுக்கு இப்படி. அவலோகிதர் இருக்கும் மலை தென்கோடியில் இருப்பதாக ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதி வைத்தார், அது நம் பொதிகை மலை என்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்தச் சிலைக்கு முன்னால் நின்று தமிழில் வேண்டினால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது என்று வீட்டில் சொல்வேன்.

இப்போது நிற்பது 2002-இல் முடிந்த வெண்கலச் சிலை. அதற்கு முன் வெள்ளைச் சுதைச் சிலை ஒன்று இருந்தது, தீயில் சேதமானது. சிலைக்கு மேல் நிற்கும் பதினாறு தூண் மண்டபம் 2009-இல்தான் முடிந்தது.

பத்துமலை முருகன் உயரமா, இது உயரமா?

முருகன்தான். அவர் 42.7 மீட்டர், குவான் யின் 30.2 மீட்டர். ஆனால் குவான் யின்னின் மண்டபம் 60.9 மீட்டர். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் இதற்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டார்கள், இரண்டு பக்கமும் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

அந்த கோபுரம் மட்டும் ஏன் மூணு மாதிரியா இருக்கு?

கண் நல்ல கண். அடிப்பகுதி சீன எண்கோணம், நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியக் கூம்பு. ஏழு நிலை, 1930-இல் முடிந்தது. அடிக்கல் நாட்டியவர் சயாம் மன்னர் ஆறாம் ராமா, அதனால் ராமா பகோடா என்றும் சொல்வார்கள். இன்னொரு பெயர் பத்தாயிரம் புத்தர் பகோடா. உள்ளே வெண்கல்லிலும் வெண்கலத்திலும் அத்தனை புத்தர்கள்.

சீன மடத்தில் தாய் நடுப்பகுதி எதற்கு என்று கேட்டால், பினாங்கில் சீன மகாயானத்தாரும் தாய், பர்மியத் தேரவாதத்தாரும் அடுத்தடுத்த தெருவில்தான் இருந்தார்கள், மூன்று பேரையும் ஒரே கோபுரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒற்றுமை என்று பலகை எழுதி வைப்பதைவிட இது எனக்கு நன்றாகப் படுகிறது. மூச்சு இருந்தால் உச்சிவரை ஏறுங்கள், ஆயர் ஈத்தாம் முழுக்க அடுக்குமாடியும் தகரக் கூரையுமாகக் கீழே விரியும், தூரத்தில் கடல் ஒரு கோடு.

புத்தர் நெஞ்சில ஏன் ஹிட்லர் சின்னம் போட்டிருக்காங்க?

பதின்ம வயதுப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது. அது சுவஸ்திகம், நம் கல்யாணப் பத்திரிகையிலும் கடைக் கணக்குப் புத்தகத்திலும் போடுகிறோமே, அதேதான். நாஜிகளுக்கு ஆயிரக்கணக்கான வருடம் முந்தியது. சீன பௌத்தச் சிலைகளில் பெரும்பாலும் கை இடப்பக்கம் வளைந்திருக்கும், நாம் போடுவது வலப்பக்கம்; நாஜிகள் அதை வாங்கிச் சாய்த்து நிறுத்தினார்கள். சீனத்தில் இந்தச் சின்னத்தை ஓர் எழுத்தாகவே வைத்து வான் என்று படிக்கிறார்கள், பத்தாயிரம் என்று பொருள். முந்தின கேள்வியில் சொன்ன பத்தாயிரம் புத்தர் கணக்கு இப்போது புரிந்திருக்கும், எண்ணிலடங்காதது என்று சொல்லும் வழி அது.

ஆமைக் குளத்தில ஆமை விட்டா புண்ணியம்னு சொன்னாங்க. கடையில வாங்கிட்டு வரட்டுமா?

வேண்டாம். உயிரை விடுவித்தால் நல்லது என்ற நம்பிக்கையில் பிறந்த குளம்தான் அது, ஆமை நீண்ட ஆயுளின் அடையாளம் என்பதும் சரி. ஆனால் நீங்கள் கடைக்குப் போய்க் கேட்பதால்தான் கடைக்காரர் ஆமை பிடித்து வைக்கிறார். விற்கும் குட்டிகளில் நிறைய சிவப்புக் காது ஆமை, அமெரிக்காவிலிருந்து வந்த இனம், நம் ஊர் ஆமைக்கு எமன். குளத்தில் ஏற்கெனவே இருப்பவை ஒன்றின் முதுகில் ஒன்று ஏறித்தான் வெயில் காய்கின்றன.

ஆசையாக இருந்தால் குளத்தருகே விற்கும் கங்கோங் கீரைக் கட்டு ஒன்று வாங்கிப் போடுங்கள். பிள்ளைகளுக்கு மடத்திலேயே அதிகம் பிடிப்பது இதுதான். பிறகு கையைக் கழுவச் சொல்லுங்கள்.

சாப்பாடு? நாங்க சுத்த சைவம்.

மடத்தைச் சேர்ந்த சைவ உணவகம் இருக்கிறது. சீன பௌத்தச் சமையலில் இறைச்சி மட்டுமல்ல, பூண்டு வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். தட்டில் மீன் மாதிரி, வாத்து மாதிரி ஏதாவது வந்தால் அலற வேண்டாம், சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்தது. முட்டை சாப்பிடாதவர்கள் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாச் சீனச் சைவக் கடையிலும் முட்டை விலக்கு என்று நினைக்க முடியாது.

ஆயர் ஈத்தாம் என்றாலே லக்சா என்று ஊரே சொல்லும். அது மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ், மேலே ஊற்றும் கறுப்பு ஹேக்கோ இறால் விழுது. "மீன் துண்டை எடுத்துட்டுக் குடுங்க" என்று கேட்டு என் தோழி ஒருத்தி சாப்பிட்டிருக்கிறாள், அப்புறம் இறால் கதையைச் சொன்னது நான்தான், இரண்டு நாள் பேசவில்லை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் தவறவிடக் கூடாது, புதினா, அன்னாசி, புளி எல்லாம் சேர்ந்து ஏறுகிற உறைப்பு மலை ஏறின களைப்புக்குச் சரியான மருந்து.

மாதவிலக்கு நாள்ல வரலாமா? வீட்டில ஒரு சாவு நடந்திருக்கு, அதுக்கும் சேர்த்துச் சொல்லுங்க.

இதைத் தனியாகத்தான் கேட்கிறார்கள், அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். பௌத்தத்தில் மாதவிலக்குக்குத் தீட்டு விதி இல்லை. வாசலில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். போகலாம்.

துக்க வீட்டைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்களோ அதன்படி செய்யுங்கள். மடத்துப் பக்கம் தடை இல்லை, இறந்தவர்களுக்காக ஓதுவது சீன மடங்களின் அன்றாட வேலை. ஆனால் பதினாறு முடியுமுன் படியேறினால் சொந்தத்தில் பேச்சு வரும் என்றால், அந்தப் பேச்சைக் குவான் யின் வந்து தீர்த்து வைக்கப் போவதில்லை.

எங்க பார்த்தாலும் காசு கேக்கிறாங்க. ரிப்பன், மெழுகுவத்தி, ஓடு... இது மடமா வியாபாரமா?

சென்னைச் சித்தப்பா கேட்டது, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வண்ண ரிப்பனில் "நல்ல ஆரோக்கியம்", "தேர்வில் வெற்றி", "திருமண யோகம்" என்று அச்சடித்திருப்பார்கள், ஒன்றை வாங்கிப் பெயர் எழுதி மரத்தில் கட்ட வேண்டும். வாங்கச் சொல்லி யாரும் பிடித்து இழுப்பதில்லை. தூணிலும் சுவரிலும் கொடையாளர் பெயர் இருப்பது பற்றியும் குறைப்பட்டார். நம் கோயிலில் டியூப்லைட் வெளிச்சமே வராதபடி உபயம் எழுதி வைக்கிறோமே சித்தப்பா என்றேன்.

ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சில தளங்களில் கடைக்குள் நுழைந்துதான் அடுத்த படிக்கட்டுக்குப் போக முடிகிறது, அது எனக்கும் பிடிக்காது. முதலிரண்டு கேள்விகளில் சொன்ன வரலாற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்: நிலமானியம் இல்லாத, புலம்பெயர்ந்தவர்கள் கையேந்திக் கட்டிய மடம், ஆரம்பத்திலிருந்தே கொடையில்தான் ஓடுகிறது.

துறவி எதிர்ல வந்தா என்ன சொல்றது? படம் எடுக்கலாமா?

கைகூப்புங்கள், அவரும் கூப்புவார். "அமிதுவோஃபோ" என்று சொன்னால் மகிழ்வார், அமிதாப புத்தரின் பெயர் அது, அங்கே வணக்கத்துக்கும் அதுதான், விடைபெறவும் அதுதான். ஓதிக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். மண்டபங்களில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும் இடத்தில் எடுக்காதீர்கள், மற்ற இடத்தில் யாரும் தடுப்பதில்லை.

விளக்கு அலங்காரம் எப்போ? அதைப் பார்க்கத்தான் வரணும்னு இருக்கோம்.

சீனப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பு ஏற்ற ஆரம்பித்து ஏறத்தாழ ஒரு மாதம் மலை முழுக்க இரவில் எரியும். ஆயிரக்கணக்கான விளக்குகள், சிவப்புக் கூண்டு விளக்குகள், சரிவு முழுவதும் நெருப்புக் கோலம் போட்ட மாதிரி. நேரம் முன்னே சொன்ன பகல் கணக்கில் வராது, அந்த நாட்களில் மட்டும் இரவிலும் திறந்திருக்கும். கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டம் இல்லை, காடியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. சீனப் புத்தாண்டு ஜனவரியிலேயே வந்துவிடும் வருடங்களில் தைப்பூசமும் அவர்களுடைய பதினைந்தாம் நாள் சாப் கோ மேயும் பெரும்பாலும் ஒரே பௌர்ணமியை ஒட்டி வரும். 2023-இல் இரண்டும் ஒரே நாள், பிப்ரவரி 5. அப்படிப்பட்ட வருடத்தில் வந்தால் தண்ணீர்மலையில் காவடி, ஆயர் ஈத்தாமில் விளக்கு, ஒரே பயணத்தில் முடியும். தங்க இடம் மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள், என் வீட்டு ஹாலில் ஏற்கெனவே ஆறு பாய் விரித்தாகிவிட்டது.

கொடிமலையையும் அதே நாள்ல பார்த்துடலாமா?

பார்க்கலாம். மேலே சொன்ன 204 பேருந்தே கொடிமலை (பினாங்கு ஹில்) அடிவாரம் வரைதான் போகிறது. காலையில் மடம், மதியம் சாப்பாடு, மூன்று மணிக்கு மேல் மலை ரயில், மாலைக் குளிரில் உச்சியில் அருளொளி திருமுருகன் தரிசனம். ரயில் 1920களில் ஓட ஆரம்பித்தது, இப்போது இருக்கும் பெட்டி 2011-இல் வந்தது. விடுமுறை நாளில் ரயிலுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் மடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமே என்று தோன்றும், அப்படித் தோன்றினால் இருந்துவிடுங்கள்.

நீங்களும் கூட வர்றீங்கதானே?

வார நாள், காலை நேரம் என்றால் வருவேன். விளக்கு இரவுகளில் கூப்பிடாதீர்கள். பகோடா உச்சிக்கும் கேட்காதீர்கள், ஏறினது போதும், நான் ஆமைக் குளத்துப் பக்கம் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருப்பேன்.